ஆனாவுக்குச் சுழி போடப் பழக்கிய வருஷம்

முதலாம் வகுப்புக்குப் படிப்பிக்க வருகிறவளுக்கு மூக்குத் துடைத்துவிடத் தெரிந்திருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. ஆனா ஆவன்னா எல்லாம் மற்றப் பாதிக்குள் அடங்கிவிடும். சின்ன வகுப்புப் படிப்பித்து, பின்னேரம் தொண்டை கட்டி, வீட்டில் கைச்சாடையால் தேத்தண்ணி கேட்டுப் பழகிய என் சக ரீச்சர்மாருக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொன்னாலும் விளங்காது. "சின்னப் பிள்ளையள்தானே, என்ன கஷ்டம்?" என்பார்கள். அப்படிக் கேட்கிறவர்களை, மழை பெய்கிற நாளாகப் பார்த்து, ஒரு நாள் முழுக்க என் வகுப்பில் விட்டுவிட்டுப் போகவேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

அப்போது நான் வெள்ளவத்தையில் அப்பா அம்மாவோடு இருந்தேன். பள்ளிக்கூடம் கொட்டாஞ்சேனையில். காலையில் ரயிலில் கோட்டைக்குப் போய், அங்கிருந்து கொஞ்சம் ட்ராம், மிச்சம் நடை. பள்ளிக்கூடம் என்பது ஒரு நீண்ட மண்டபம். வகுப்புக்கும் வகுப்புக்கும் நடுவில் இடுப்பளவு தட்டி. தட்டிக்கு இந்தப் பக்கம் நான். அந்தப் பக்கம் இரண்டாம் வகுப்பு அன்னம்மா ரீச்சர். என்னைவிட மூத்தவ, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் பகிடி விடுகிறவ. அங்கே நான் பல வருஷம் இருந்தேன் என்றாலும் இதில் வருகிறவர்கள் எல்லாரும் ஒரே வருஷத்துப் பிள்ளைகள். உலக யுத்தம் எங்கள் பக்கம் திரும்பிய வருஷம் அது.

தூணைப் பிடித்தவர்

தை மாதம் புது வகுப்புத் துவங்குகிற அன்று மண்டபம் முழுக்க அழுகைதான். ஒரு பிள்ளை துவங்கினால், நாயனத்துக்கு ஒத்து ஊதுகிற மாதிரி, மற்றதெல்லாம் சேர்ந்துகொள்ளும். அந்த வருஷம் ஒரே ஒரு பையன் மட்டும் அழாமல் முன்வாங்கில் கைகட்டி இருந்தான். பெயர் செல்வராசு. கூட்டிவந்தவர் அவனுடைய தகப்பன் முனியாண்டி. துறைமுகத்தில் கப்பலுக்கு நிலக்கரி ஏற்றுகிற வேலை அவருக்கு. எவ்வளவு தேய்த்துக் குளித்தும் கழுத்து மடிப்பில் கரி போகாத மனிதர். மற்றத் தாய்தகப்பன்மார் எல்லாரும் போனபிறகும் அவர் வாசல் தூணைப் பிடித்தபடி நின்றார். "நீங்கள் போகலாம், பிள்ளை இருப்பான்" என்றேன். "சரிங்கம்மா" என்றார். போகவில்லை.

பிள்ளைகளுக்குச் சாப்பிடப் பணிஸ் கொடுக்கிற நேரம் திரும்பிப் பார்த்தால், கடைசி வாங்கில், முழங்கால் நாடியில் முட்ட உட்கார்ந்து, தோளில் கிடந்த துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் போய் என்ன விஷயம் என்று கேட்டேன். "எங்க வம்சத்துல பள்ளிக்கூடத்து வாங்கில உக்காந்தது இவன்தாங்கம்மா மொத ஆளு" என்றார். ஆனால் அன்றைக்கு வேலைக்குப் போகாவிட்டால் நாளைக்கு அவரை எடுப்பார்களோ என்று எனக்குப் பயம் வந்தது. குரலைக் கொஞ்சம் உயர்த்தி, "நீங்கள் இப்ப போகத்தான் வேணும்" என்றேன். செல்வராசு எழும்பி வந்து என் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தான்.

"எங்கப்பாவ ஏசாதீங்க டீச்சர். இன்னைக்குத்தானே மொத நாளு. நாளைக்கு அவரு பழகிருவாரு."

ஏயன்னாவுக்கு என்ன படம்?

சுவரில் தொங்குகிற எழுத்துப் படங்கள் எங்களுக்கு யாழ்ப்பாணத்தில் அச்சாகி வரும். ஆனாவுக்கு அணில், ஆவன்னாவுக்கு ஆடு என்று ஒழுங்காகப் போய், ஏயன்னாவுக்கு ஏர். மாடு இல்லாமல் ஏரை மட்டும் கீறியிருந்தார்கள். "இது என்ன?" என்று கேட்டேன். வகுப்பு முழுக்க ஒரே குரலில், "நங்கூரம்" என்றது. பிள்ளைகளில் பிழை இல்லை. தெருமுனையில் நின்றால் கப்பல்களின் பாய்மரமும் புகைக்குழாயும் தெரிகிற இடம் அது. சங்கு ஊதினால், சிலேட்டில் இருந்து தலையைத் தூக்காமலே எந்தக் கப்பல் என்று சொல்லுகிற பிள்ளைகள்.

ஏர் என்றால் என்ன என்று விளங்கப்படுத்த, கால் உடைந்த கதிரை ஒன்றைச் சரித்துப் பிடித்து வகுப்பின் இந்த முனையில் இருந்து அந்த முனைக்கு இழுத்துக் காட்டினேன். அன்னம்மா ரீச்சர் தட்டிக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டுத் தன் வகுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டா. மரியதாஸ் என்றொரு பையன், தகப்பன் தோணியில் போய்க் கப்பல் சாமான் இறக்குகிறவர், நான் இழுத்து முடியும்வரை பொறுமையாக இருந்து, "ஏன் ரீச்சர் இப்பிடி இழுக்கிறது?" என்று கேட்டான். "நெல்லு விளைய. நெல்லில இருந்துதானே அரிசி வாறது" என்றேன். அவன் என்னைப் பார்த்த பார்வையில் இரக்கம் இருந்தது.

"எங்கட அரிசி பர்மாவில இருந்து கப்பலில வருது ரீச்சர். என்ட அப்பாதான் இறக்குறவர். அதுக்கு நங்கூரம்தான் வேணும்."

ரப்பர் துண்டு

அதன்பிறகு கொஞ்ச நாளில் யுத்தம் பர்மாவுக்குள் வந்து, அந்த அரிசி நின்றுபோனது. பள்ளிக்கூட முற்றத்தில் பதுங்குகுழி வெட்டினார்கள். சைரன் ஊதினால் வரிசையாகப் போய்க் குழிக்குள் இறங்கி, குப்புறப் படுத்து, காதைப் பொத்தி, ஒரு ரப்பர் துண்டைப் பல்லுக்கிடையில் கடிக்கவேண்டும் என்பது கட்டளை. ரப்பரை நூலில் கோத்து ஒவ்வொரு பிள்ளையின் கழுத்திலும் கட்டிவிட்டோம். கிழமை முடியமுதல் பாதிப் பேருடைய கழுத்தில் நூல் மட்டும் இருந்தது. "எங்கே ரப்பர்?" என்றால், "கடிக்கச் சொன்னீங்கதானே" என்றார்கள்.

மழை பெய்த மறுநாள் ஒத்திகை வைத்தார் பெரிய வாத்தியார். குழிக்குள் முழங்கால் அளவுக்குத் தண்ணி, அதில் தவளை. இறங்கச் சொல்லுமுதலே என் வகுப்பு இறங்கிவிட்டது. ஏறச் சொல்லி நானும் அன்னம்மா ரீச்சரும் எவ்வளவு கூப்பிட்டும் ஒருவரும் ஏறவில்லை. கடைசியில் அன்னம்மா ரீச்சர் தானே இறங்கினா. உடம்பு கனத்தவ, அவவைத் திரும்ப ஏற்ற இரண்டாம் வகுப்பு முழுக்கச் சேர்ந்து இழுக்கவேண்டியிருந்தது. கரையில் நின்ற பெரிய வாத்தியார் மணிக்கூட்டைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். அன்னம்மா ரீச்சர் சேலையைப் பிழிந்துகொண்டே சொன்னா:

"இந்தக் குழியெல்லாம் வேண்டாம் சேர். பிளேன் வந்தால் முதலாம் வகுப்பை முற்றத்தில விடுங்கோ. ஓட்டுறவன் ஒருக்கால் பார்த்தால் போதும், தானாத் திரும்பிப் போயிடுவான்."

படிக்கட்டில் இருந்தவர்கள்

குண்டு போடுகிற பிளேன்கள் வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் இல்லை. அந்தமட்டில் நல்ல காலம். ஆனால் அடுத்த நாளில் இருந்து கொழும்பு காலியாகத் துவங்கியது. யாழ்ப்பாண ரயிலில் ஏற இடமில்லை. வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையில் முக்கால்வாசி வீடு பூட்டு. அம்மா பெட்டிகளைக் கட்டி வாசலில் அடுக்கிவிட்டா. பெரிய வாத்தியாரிடம் சொல்லிவிட்டு வருகிறேன் என்று நான் மட்டும் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். அவரிடம் என்ன சொல்வது என்று வழி முழுக்க யோசித்துக்கொண்டே போனேன்.

பள்ளிக்கூடப் படிக்கட்டில் செல்வராசு, மரியதாஸ், ஜெசீமா என்றொரு பெண்பிள்ளை, இன்னும் சில பேர், சிலேட்டை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்கள். போக்கிடம் இல்லாத வீட்டுப் பிள்ளைகள். என்னைக் கண்டதும் எழும்பி உள்ளே போய் அவரவர் இடத்தில் இருந்துவிட்டார்கள். பெரிய வாத்தியாரோ இன்னும் வரவில்லை. கை சும்மா இருக்காமல் இடாப்பை எடுத்துப் பேர் கூப்பிட்டேன். இல்லாத பேருக்கெல்லாம் இருந்தவர்களே பதில் சொன்னார்கள். ராசேஸ்வரி? யாழ்ப்பாணம் போயிட்டா. கணேசன்? ராமேஸ்வரம் போற கப்பலில போயிட்டான். முடித்து இடாப்பை மூடினபோது மரியதாஸ், "உங்கட பேரை ஆர் கூப்பிடுறது ரீச்சர்?" என்று கேட்டான். இடாப்பை அவனிடம் நீட்டி, "நீயே கூப்பிடு" என்றேன். எழும்பி நின்று, "ரீச்சர்" என்றான். நான் "உள்ளேன்" என்றேன். அவன் மற்றவர்களைப் பார்த்துத் திரும்பினான்.

"அப்ப இண்டைக்குப் பள்ளிக்கூடம் இருக்கு."

வாய் திறக்காத பிள்ளை

நான் ஊருக்கு வரவில்லை என்றதற்கு அம்மா ஒரு கிழமை என்னோடு கதைக்கவில்லை. பிறகு பெட்டிகளை அவிழ்த்தா.

வகுப்புச் சிறுத்தபிறகுதான் ஜெசீமாவின் மௌனம் பெரிதாகத் தெரிந்தது. தை மாதம் வந்த பிள்ளை, ஒரு சொல் கதைத்ததில்லை. பேர் கூப்பிட்டால் கையை மட்டும் தூக்குவாள். அடித்தாலும் இல்லை, கெஞ்சினாலும் இல்லை என்று எழுதத்தான் கை போகிறது. ஆனால் அவளை நான் அடித்ததில்லை, கெஞ்சினது மட்டும் உண்மை. காது கேளாதோ, ஊமையோ என்றெல்லாம் யோசித்து, ஒரு பின்னேரம் வீட்டுக்கே போனேன். தகப்பனுக்கு முன்பக்கத்தில் ஊசி நூல் கடை, பின்பக்கம் வீடு. தாய் என்னைப் பாயில் இருத்தி, தேத்தண்ணியும் தொதல் இனிப்பும் தந்து, நான் சொன்னதைக் கடைசிவரை கேட்டா. பிறகு எழும்பி, உள் அறைச் சீலையைக் கொஞ்சம் விலக்கிக் காட்டினா.

உள்ளே சுவரோடு தலையணைகள் வரிசையாக நின்றன. ஜெசீமா அகப்பைக் காம்பைக் கையில் பிடித்தபடி அவற்றுக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தாள். என்னுடைய குரல், என்னுடைய இருமல், கண்ணாடி இல்லாமலே கண்ணாடியை மூக்கில் தள்ளுகிற என்னுடைய கை. மரியதாஸ் என்ற தலையணைக்கு நல்ல ஏச்சு. நான் சிரிப்பை அடக்க முந்தானையைக் கடித்தேன். தாய் சீலையை விட்டுவிட்டு மெல்லச் சொன்னா:

"பேசாத புள்ள எண்டு செல்லுறீங்களே டீச்சர். அந்திக்கி அந்தி எங்கட ஊட்டுல நீங்கதான் கத்திக்கிட்டு இருக்கிறீங்க."

கூரையில் கிடந்தது

பெரிய பள்ளிக்கூடங்களைப் பட்டாளம் எடுத்துக்கொண்டது. எங்களுடையதைப் பார்க்கவும் ஒரு வெள்ளைக்காரத் துரை வந்தார். அண்ணாந்து கூரையைப் பார்த்தார். தொப்பியைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். ஆவணி அளவில் ஊருக்குப் போனவர்களில் பலர் திரும்பி வந்துவிட்டார்கள், கூடவே மழையும் வந்தது. வகுப்பில் ஒழுகாத இடத்தைத் தேடி வாங்குகளை நகர்த்துவதிலேயே காலை போய்விடும். பெரிய வாத்தியார் ஒருவழியாக சைமன் பாஸைக் கூட்டிவந்தார். சைமன் கொலன்னாவைப் பக்கத்துச் சிங்கள மேசன், மேசன்மாரைப் பாஸ் என்றுதான் கூப்பிடுவோம். நல்ல வேலைக்காரன், முன்பல் நாலும் இல்லை.

கூரையில் ஏறின மனிதர் கொஞ்ச நேரத்தில் முகம் வெளுத்து இறங்கி வந்தார். கையை விரித்துக் காட்டினார். உள்ளங்கையில் சின்னச் சின்னப் பற்கள். "நோனா, தண்ணி ஓடுற பீலி முழுக்க இதுதான். இஸ்கோலேல பிள்ளை எல்லாம் இருக்கா? எண்ணிப் பாருங்க" என்றார். முதலாம் வகுப்பு என்றால் பல் விழுகிற வகுப்பு என்பது உங்களுக்குத் தெரியும். விழுந்த பல்லை, "அணிலே அணிலே, இதை எடுத்து உன் பல்லைத் தா" என்று சொல்லிக் கூரைக்கு எறிவது வழக்கம். வீட்டுக்குக் கொண்டுபோகுமுதல் தொலைத்துவிட்டு அழுகிறார்கள் என்று, விழுகிற பல்லையெல்லாம் நானே பள்ளிக்கூடக் கூரைக்கு எறிவித்துக்கொண்டிருந்தேன். இதை நான் விளங்கப்படுத்தினதும் சைமன் பாஸுக்கு உயிர் வந்தது. பற்களைக் குழாய்த் தண்ணியில் கழுவி, ஈரம் துடைத்து, மழைக்கு அடிபடாத இடமாகப் பார்த்து மேலே கொண்டுபோய் வைத்தார். இறங்கி வந்து என்னைப் பார்த்துச் சிரித்தார். முன்பல் இருந்த இடத்தில் வெறும் முரசு.

"எங்களுக்கும் அந்தப் பழக்கம்தான் நோனா. நானும் எறிஞ்சேன். முதல் தரம் அணில் குடுத்தது. ரெண்டாம் தரம் கேட்டா திரும்பியும் பார்க்கல்ல."

இன்ஸ்பெக்டர்

ஜெசீமாவின் வீட்டுக்குப் போய்வந்த மறுநாளே, எழுத்துக் காட்டுகிற தடியை அவள் கையில் கொடுத்திருந்தேன். முதலில் தடியால் தொட்டு மட்டும் காட்டினாள், வகுப்பு வாசித்தது. பிறகு உதடு அசைந்தது. பிறகு முன்வாங்குக்கு மட்டும் கேட்கிற மாதிரி ஒரு குரல். நான் ஒன்றும் காணாதவள் மாதிரி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தினமும் ஜன்னலைப் பார்த்து என் கழுத்துத்தான் பிடித்துக்கொண்டது.

கார்த்திகையில் இன்ஸ்பெக்டர் வந்தார். பிள்ளைத் தொகை குறைந்த பள்ளிக்கூடங்களை மூடி வேறொன்றோடு சேர்க்கப்போகிறார்கள் என்று கதை அடிபட்ட நேரம். பெரிய வாத்தியார் விடியவே வந்து முற்றத்தைத் தானே கூட்டினார். இன்ஸ்பெக்டர் கோட்டும் சப்பாத்துமாக வந்து நின்றதும் என் வகுப்பு உறைந்துபோனது. ராசேஸ்வரியிடம் ஏதோ கேட்டார், அவள் அழுதாள். மரியதாசிடம் கேட்டார்; அவன் அவருடைய சப்பாத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். "இந்த வகுப்பு வாயே திறக்காதோ?" என்றார். வேறு வழி தெரியாமல் தடியை ஜெசீமாவிடம் நீட்டினேன். அவள் வந்தாள். எழுத்துப் படம் எட்டுவதற்கு நான் போட்டிருந்த பெட்டிமேல் ஏறினாள். கண்ணாடி இல்லாத மூக்கில் கண்ணாடியைத் தள்ளினாள். "ஆனா" என்று அவள் போட்ட சத்தத்துக்கு வகுப்பு முழுக்க எழும்பி நின்று கத்தியது. மூன்றாம் எழுத்தில் நிறுத்தி, கையைக் காற்சட்டைப் பைக்குள் விட்டபடி பின்பக்கம் நின்ற இன்ஸ்பெக்டரைத் தடியால் காட்டி, "பின்னுக்கு நிக்கிற புள்ள, கைய வெளிய எடுங்க. வாயத் தொறந்து செல்லுங்க" என்றாள். பெரிய வாத்தியார் கண்ணை மூடிக்கொண்டார். இன்ஸ்பெக்டர் கையை வெளியே எடுத்தார். "ஈனா" என்றார். ஔவன்னா வரைக்கும் விடாமல் சொன்னார்.

அந்த வருஷம் எங்கள் பள்ளிக்கூடம் மூடப்படவில்லை. வாசல்வரை போனவர் திரும்பிப் பெரிய வாத்தியாரிடம் சொன்னது எனக்குக் கேட்டது:

"உங்கட முதலாம் வகுப்பைப் பற்றி எனக்குக் கவலை இல்லை மாஸ்டர். அந்தப் பிள்ளை வளர்ந்து எங்கட கல்விக் கந்தோருக்கு வந்தால் எங்கட பாடு என்ன எண்டுதான் யோசிக்கிறன்."

தட்டிக்கு அந்தப் பக்கம்

அடுத்த தை மாதம் எல்லாரையும் இரண்டாம் வகுப்புக்கு ஏற்றிவிட்டோம். ஏற்றுவது என்றால் தட்டியைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போவது, அவ்வளவுதான். ஆனாலும் என் பக்கத்தில் புது அழுகை துவங்கியிருந்த அன்று காலையில், கடைசி வாங்கில் செல்வராசு இருந்தான். ஒரு புதுப் பிள்ளையின் மூக்கைத் தன் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டிருந்தான். "நீ அங்கையெல்லோ போகவேணும்" என்றேன். தலையாட்டினான், அசையவில்லை. அன்னம்மா ரீச்சர் தட்டிக்கு மேலால் எட்டி, "அவன் வரட்டும், வராமல் இருக்கட்டும், எனக்கு எல்லாம் ஒண்டுதான், என்ட குரல் அங்கையும் கேட்கும்" என்றா.

அவன் பக்கத்தில் போய் இருந்தேன். பெரிய வகுப்புக்குப் போனால் அப்பாவுக்குச் சந்தோஷமாக இருக்கும் என்றேன். பெரிய புத்தகம் கிடைக்கும் என்றேன். எல்லாவற்றுக்கும் "ஆமா டீச்சர்" என்றான். "பிறகேன் இங்கை இருக்கிறாய்?" என்று கேட்டேன். அழுதுகொண்டிருந்த புது முகங்களை ஒரு தரம் சுற்றிப் பார்த்துவிட்டு, மற்றவர்களுக்குக் கேட்காத மாதிரிக் குரலைத் தாழ்த்திச் சொன்னான்:

"அங்க இருக்கிறவங்களுக்கு எல்லாம் தெரியும் டீச்சர். இங்க ஒருத்தருக்கும் ஒன்னும் தெரியாது. நீங்க தனியா என்ன செய்வீங்க?"

வருஷா வருஷம் பிள்ளைகள் எல்லாரும் பாஸாகிப் போக, அதே வகுப்பிலேயே திரும்பத் திரும்ப இருந்து அதற்குச் சம்பளமும் வாங்கின ஆள் கொழும்பில் என்னைத் தவிர வேறு யாரும் இருந்தால், அவவும் ஒரு முதலாம் வகுப்பு ரீச்சராகத்தான் இருப்பா.